விசாரித்து வாங்கிய தூரதிருஷ்டிக் கண்ணாடி

கடைக்குப் போய், பிடித்ததைக் காட்டி, கேட்ட விலையில் கொஞ்சம் குறைத்துப் பேசி, வீட்டுக்கு எடுத்துவந்து, இரண்டு நாள் வருத்தப்பட்டு, அப்புறம் மறந்துவிடுகிற சாமானியர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? இன்னொரு வகை இருக்கிறதே, 'விசாரித்து வாங்குகிறவர்' என்று, அவரைப் பற்றித்தான் இன்று பேச்சு. அவருக்கு ஒரு குடை வேண்டுமென்று வையுங்கள். ஊரில் குடை வைத்திருப்பவர்கள் அத்தனை பேரையும் பார்த்து, குடை இல்லாதவர்களிடம் ஏன் இல்லை என்று கேட்டு, கம்பி சீமைக் கம்பியா, துணி எந்த மில் துணி என்றெல்லாம் தெரிந்துகொண்டு, மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு முடிவுக்கு வருவார். அதுவரை நனைவார். நனைவதில் அவருக்கு ஆட்சேபணை கிடையாது. ஏமாந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கோயமுத்தூர் ஜில்லாவில் இந்த வகை நன்றாகவே விளைகிறது. காரமடைக்கு மேற்கே மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருக்கும் பாலுசாமிக் கவுண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தோட்டத்தை ஒட்டி, அவர் மனைவி சாமியாத்தாள் பிறந்த வீட்டிலிருந்து சீதனமாகக் கொண்டுவந்த மானாவாரி நிலம் ஒன்று இருக்கிறது. அந்த வருஷம் அதில் நிலக்கடலை. காய் பிடிக்கிற நேரம் பார்த்து மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கின. விடிவதற்கு முன்னே வந்து, வரிசையாகக் கிளறி, தின்றது பாதி, மிதித்தது பாதி என்று போட்டுவிட்டுப் போயின. சாமியாத்தாளுக்கு வயிறு எரிந்தது. அப்பன் கொடுத்த நிலம் ஆயிற்றே.

கவுண்டரிடம் லைசென்சு வாங்கிய துப்பாக்கி இருந்தது. அப்புறம் என்ன, சுட வேண்டியதுதானே என்பீர்கள். போன வருஷம் அப்படித்தான், பொழுது மசங்குகிற நேரத்தில் பன்றி என்று நினைத்து ஒன்றைச் சுட்டார். அது பக்கத்துத் தோட்டத்துச் சென்னிமலையின் எருமைக் கன்று. சென்னிமலை ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. மசங்கலில் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும் என்று இவருக்கே சமாதானம் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் மறந்திருக்கலாம். அந்த மரியாதையை மறக்க முடியவில்லை. ஆகவே தூரத்தில் நிற்பது பன்றியா கன்றா என்று பார்க்க ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி வாங்காமல் இனித் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். நல்ல முடிவு. யார் குறை சொல்ல முடியும்?

கண்ணாடி நல்லதாகவும் இருக்க வேண்டும், கைக்கு அடக்கமான விலையிலும் இருக்க வேண்டும். இங்கேதான் விசாரணை ஆரம்பமாயிற்று.

முதலில் போத்தனூருக்குப் போனார். அங்கே ரயில்வே ஆபீசில் வேலை பார்க்கும் தேவானந்தம் என்பவர், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டுகிறது என்பதுதான் முக்கியம், மற்றதெல்லாம் மினுக்கு என்று அடித்துச் சொன்னார். கவுண்டர் அதை மனதில் எழுதிக்கொண்டு கோயமுத்தூருக்கு வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியாராக இருந்த சத்தியசீலன், மடங்கு கூடினால் கையாட்டமும் கூடும், விடியல் வெளிச்சத்தில் பார்ப்பதற்கு முன்கண்ணாடி அகலமாக இருக்க வேண்டும் என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது. சூலூரிலிருந்த மைத்துனன் தம்பிதுரையோ, எந்தக் கண்ணாடியானாலும் நிறுத்திவைக்க ஒரு தாங்கி இல்லாவிட்டால் பிரயோஜனமில்லை என்றான். ஜெர்மனிக் கண்ணாடி என்றார் ஒருவர். இங்கிலீஷ்காரன் செய்ததுதான் உழைக்கும் என்றார் இன்னொருவர். ஜப்பான் சரக்கு மலிவு, ஆனால் பனி பட்டால் உள்ளே பூத்துப்போகும் என்று, ஜப்பான் சரக்கைக் கண்ணாலும் பார்த்திராத ஒருவர் சொன்னார். கவுண்டர் எல்லாருக்கும் தலையாட்டினார், எல்லார் வீட்டிலும் காபி குடித்தார், கிளம்பும்போது எல்லாரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "அவசரப்படக் கூடாதுங்க. இன்னும் ஒரு எடத்துல கேட்டுப்போட்டு வாரேன்."

பன்றிகள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கிழக்கு மூலையை முடித்துவிட்டு நடு நிலத்துக்கு வந்தன.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சாமியாத்தாள் ஒரு நாள், சத்தம் போட்டாலே ஓடிப்போகும் பிராணிக்கு எதற்கு இத்தனை ஏற்பாடு என்று கேட்டாள். கவுண்டர் சிரித்தார். பெண்பிள்ளைகளுக்குப் பொருள் வாங்குகிற நிதானம் எங்கே இருக்கிறது!

கடைசியில் அந்த நிதானசாலி எப்படி வாங்கினார் தெரியுமா? சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு தோட்டத்துரையின் சாமான்களைக் கோயமுத்தூரில் ஏலம் விட்டார்கள். கவுண்டர் விசாரிக்கத்தான் போனார். நாற்காலி, மேஜை, தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே தோல் உறைக்குள் பளபளவென்று ஒரு பித்தளைக் குழல். பக்கத்தில் நின்ற யாரோ அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவ்வளவுதான். வாரக்கணக்கான விசாரணை மூளையை விட்டு ஓடிப்போய், எங்கே அந்த மனுஷன் வாங்கிவிடுவானோ என்ற பதற்றம் வந்து உட்கார்ந்தது. சும்மா வாங்கிவிடவில்லை, சோதனை செய்தார். தூக்கிக் கனம் பார்த்தார். பித்தளையைத் தட்டிப் பார்த்தார். தோல் உறையை முகர்ந்து பார்த்தார். கண்ணில் வைத்தும் பார்த்தார். எதிரே இருந்தது வெள்ளையடித்த சுவர். சுவர் வெகு தெளிவாகத் தெரிந்தது. விலையும் அடக்கம்தான்.

அது துரை நட்சத்திரம் பார்க்க வைத்திருந்த கண்ணாடி. அந்த வகைக் கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகவும் இடம் வலமாகவும் தெரியும். நட்சத்திரத்துக்கு ஏது தலை, ஏது கால்? துரைக்கு அதனால் ஒரு நஷ்டமும் இருக்கவில்லை.

தோட்டத்துக்கு வந்து, ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்து அதன்மேல் குழலை வைத்து, பெருமையோடு குனிந்து பார்த்த கவுண்டருக்குத் திக்கென்றது. பனைமரங்கள் வானத்திலிருந்து தொங்கின. கிணற்றடியில் கவலையில் தண்ணீர் இறைக்கிற மாடுகள் கால்களை மேலே தூக்கிக்கொண்டு நடந்தன. வெளியே சொல்லலாமா? இத்தனை விசாரித்து வாங்கியவர் எப்படிச் சொல்வார்? கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று தீர்மானித்து, பக்கத்தில் நின்ற சென்னிமலையிடம் கொடுத்தார். சென்னிமலை பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஆசைப்பட்டு வாங்கியவர் முகத்துக்கு எதிரே அதைப் போய்ச் சொல்கிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டா? எருமைக் கன்றுக்கே சொல்லாதவர் ஆயிற்றே.

"பக்கத்துல நின்னு பாக்கற மாதிரி இருக்குதுங்க" என்றார்.

அடுத்து, அக்காளின் வெள்ளாமை போகிறதே என்று சூலூரிலிருந்து வந்திருந்த தம்பிதுரை பார்த்தான். மாமா முகத்தைப் பார்த்தான். தெளிவாக இருப்பதாகச் சொன்னான். சாமியாத்தாளும் பார்த்தாள். ஆண்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறது என்றபின் அவள் என்ன சொல்ல? அவளும் ஆமாம் என்றாள். ஆக, நாலு பேருக்கும் உலகம் தலைகீழாகத் தெரிந்தது. நாலு பேரும் அதை மனதுக்குள் பூட்டிவைத்துக்கொண்டார்கள்.

பன்றிக்கு முன் குறி பழக வேண்டும் அல்லவா? ஒரு பனையின் அடிப்பக்கம் சுண்ணாம்பால் வட்டம் போட்டார்கள். தம்பிதுரை சுடுவது, கவுண்டர் குண்டு பட்ட இடத்தைக் கண்ணாடியில் பார்த்துச் சொல்வது என்று ஏற்பாடு. முதல் குண்டு வட்டத்துக்குச் சற்று மேலே பட்டது. கண்ணாடியில் அது கீழே தெரிந்தது. கவுண்டர் யோசித்து, மனதுக்குள்ளேயே அதைத் திருப்பிப் போட்டு, மேலே பட்டிருக்கிறது, கொஞ்சம் இறக்கிச் சுடுங்கள் மாப்பிள்ளை என்றார். சரியாகத்தான் சொன்னார். ஆனால் தம்பிதுரையும் யோசிக்கிறவன். பாவம் மாமா, தலைகீழாகப் பார்த்துவிட்டு மேலே என்கிறார், உண்மையில் கீழேதான் பட்டிருக்கும் என்று அவனும் மனதுக்குள் திருப்பிப் போட்டு, துப்பாக்கியை ஏற்றினான். இவர் இன்னும் இறக்கச் சொல்ல, அவன் இன்னும் ஏற்ற, குண்டுகள் பனைமரத்தில் ஏறிக்கொண்டே போயின. உச்சியில் கட்டியிருந்த கள்ளுக்கலயம் உடைந்து கொட்டியபோதுதான் பயிற்சி நின்றது. அப்போதும் ஒருவர் வாய் திறக்க வேண்டுமே! காற்று அதிகம் என்றார் கவுண்டர். ஆமாம் மாமா என்றான் தம்பிதுரை. இலை அசையவில்லை.

மறுநாள் விடியற்காலை மாமனும் மைத்துனனும் டின்னும் குழலும் துப்பாக்கியுமாக நிலத்தோரம் உட்கார்ந்தார்கள். மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம். மேற்கு மூலையில் மட்டும்தான் கடலை மீதி. பன்றிக்கூட்டம் அங்கேதான் வந்தது. கவுண்டர் கண்ணாடியில் பார்த்து, மனதில் திருப்பிப் போட்டு, வலப்பக்கம் என்றார். தம்பிதுரை அதை இன்னொரு முறை திருப்பிப் போட்டு, துப்பாக்கியை இடப்பக்கம் நீட்டினான். அங்கே பனியைத் தவிர ஒன்றும் இல்லை. கலயம் உடைந்த பயம் வேறு. சுடவில்லை.

"நீங்களே ஒருக்கா பாருங்க மாப்பிள்ளை."

"பரவால்லீங்க மாமா, நீங்களே பாருங்க."

"இல்லீங்க, உங்க கண்ணு எளங்கண்ணு. பாருங்க."

"நீங்க பாத்தாச் சரியா இருக்குமுங்க மாமா."

குழல் இவர் கைக்கும் அவன் கைக்கும் போய்வந்துகொண்டிருந்தது. பன்றிகள் கிளறுகிற சத்தம் நன்றாகக் கேட்டது.

அந்த நேரத்தில் கூழ்ப்போசியோடு வந்தாள் சாமியாத்தாள். பார்த்தாள், வெறுங்கண்ணால்தான் பார்த்தாள். அப்பன் கொடுத்த நிலத்தில் கடைசி மூலையும் போகிறது. போசியைக் கீழே வைத்தாள். புருஷன் கையிலிருந்த பித்தளைக் குழலைப் பிடுங்கினாள். மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, குழலால் அதன்மேல் ஓங்கி ஓங்கி அடித்தபடியே நிலத்துக்குள் ஓடினாள். மலையே அதிர்ந்தது. பன்றிகள் குட்டியும் தாயுமாக விழுந்தடித்துக்கொண்டு மலைக்கு ஓடின. மேற்கு மூலை தப்பியது.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தவள், நசுங்கிய குழலைப் புருஷன் கையில் மரியாதையாகக் கொடுத்தாள்.

"டெலஸ்கோப்பு நல்லா வேலை செய்யுதுங்க" என்றாள்.

இதோடு கவுண்டர் திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த சந்தையிலேயே, பன்றிகளை விரட்டியது தம்முடைய டெலஸ்கோப்புதான் என்று சொல்லிவிட்டார். அதில் பொய் ஏதும் இல்லையே! விஷயம் பரவி, மலையடிவாரத்துத் தோட்டக்காரர்கள் கண்ணாடி வாங்க அவரிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். முதலில் வந்தவர் யார் தெரியுமா? சென்னிமலை. கண்ணாடிக்குள் தலைகீழான மாடுகளைத் தம் கண்ணால் பார்த்த அதே சென்னிமலை. கவுண்டர் அவருக்குக் காபி வரவழைத்துக் கொடுத்து, அவசரப்படாமல் நாலு இடத்தில் விசாரித்து வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டு நடுக்கூடத்திலும் நாலு இடத்தில் விசாரித்து, நல்ல விலைக்குப் பேசி வாங்கிய சாமான் ஒன்று இருக்கிறது இல்லையா? வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டுகிறீர்கள், அது எப்படிக் கிடைத்தது என்ற கதையையும் சொல்கிறீர்கள். அவர்களும் பார்த்துவிட்டு, வெகு நன்றாக இருக்கிறதுங்க என்கிறார்கள். நம் ஜனங்கள் மரியாதை தெரிந்தவர்கள். அவர்கள் தெருவில் இறங்கி நடக்கும்போது என்ன பேசிக்கொண்டு போகிறார்கள் என்பதை மட்டும் என்றைக்காவது விசாரித்தீர்களா?