வெர்னியர் அண்ணன் கவுன்சிலரை அளந்த கதை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அளக்காமல் ஒரு வார்த்தை பேசாத மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். வெளியே மழையா என்று கேட்டால், எழுந்துபோய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் முழங்கை வரைக்கும் நனையல" என்பார். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும் குடியிருந்தது. எங்களுக்கு அவர் வெர்னியர் அண்ணன்.

போல்ட் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் தர ஆய்வாளர். அதே கம்பெனியில் லாரிக்குச் சரக்குச் சீட்டு எழுதுகிறவன் நான். குடியிருந்ததும் ஒரே தெரு. போல்ட்டின் தடிமனை நூலிழை பிசகாமல் சொல்லும் எஃகுக் கருவிதான் வெர்னியர். ஷிப்ட் முடிந்தால் மற்றவர்களுடையது பெட்டிக்குள் போகும். அண்ணனுடையது சட்டைப் பைக்குள் போகும். எங்கள் தெருமுனையில் பழவேற்காட்டுக்காரர் ஒருவரின் டீக்கடை உண்டு. பாய் கடை என்போம். அங்கே கருவியின் வெளித்தாடையால் உளுந்து வடையை அளப்பார். உள்தாடையால் அதன் ஓட்டையை அளப்பார். ஆழம் பார்க்கும் குச்சியைச் சட்னியில் இறக்கப்போனபோது பாய் எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னா நைனா, நாஷ்டா துண்ண வந்தியா, ரெய்டுக்கு வந்தியா?"

அண்ணன் அசரவில்லை. ஓட்டை நேற்றையதைவிடப் பெரிது என்று தகவல் தெரிவித்தார். மறுநாளிலிருந்து பாய் அவருக்குப் போண்டா மட்டும் கொடுத்தார்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். முதல் வீட்டில் முறுக்கை அளந்தார்; சம்பந்தம் முறுக்கைவிட வேகமாக உடைந்தது. ஆரம்பாக்கத்தில் இரண்டாவது வீடு. அங்கே பெண்ணே தட்டோடு நின்று, "எவ்ளோ வருது?" என்று கேட்டாளாம். அவர்தான் எங்கள் அண்ணி.

கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. அளவு தப்பிய சாமானுக்குச் சிவப்பு அட்டை கட்டுவார்கள். என்ன தப்பு, எவ்வளவு தப்பு என்று அதில் எழுத வேண்டும். அளவு சொன்ன ஒவ்வொருவரும் தன் அளவுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். கடைசியில் இரண்டு கட்டங்கள்: உருக்கப் போகிறதென்றால் 'ஸ்கிராப்', சரிசெய்யலாம் என்றால் 'ரீவொர்க்'. சரியாகி வந்துவிட்டால் பச்சை அட்டை. உலகமே இந்த இரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும் என்பது அண்ணனின் நம்பிக்கை.

ரெண்டாயிரத்து நாலோ, ஐந்தோ. அந்தக் கோடையில் எங்கள் தெருவின் போர்வெல் எல்லாம் காற்றைத்தான் கக்கின. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் லாரி வரும். வந்ததும் அதன் குழாய் முதலில் கவுன்சிலர் வீட்டுத் தொட்டிக்குள் தலையை விடும். அது நிரம்பித் ததும்பிய பிறகு, மிச்சம் எங்கள் குடங்களுக்கு.

ஒரு காலை மல்லிகா கேட்டுவிட்டாள். எங்கள் கம்பெனியில் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. அன்று வரிசையில் முதல் ஆள். "எங்களுக்கு வுட்டுட்டு அப்பறமா உங்க ஊட்டுக்கு வுடக் கூடாதா சார்?" அவ்வளவுதான் கேட்டாள். கவுன்சிலர் வாசலிலேயே நின்று அவளை 'போடி போடி' என்று பொழிந்தார். இனி இந்தத் தெருவுக்கு லாரியே வராது என்றும் சொன்னார். சொன்னபடியே வரவில்லை. ஐந்தாம் நாள், தெருப் பெண்கள் அவளைத்தான் ஏசினார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அரைக்குடமாவது கிடைத்திருக்கும் என்றார்கள். மல்லிகா பக்கத்துத் தெருவுக்குப் போய்க் கெஞ்சித் தண்ணீர் தூக்கினாள். யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

அன்று மாலை அண்ணன் ஒரு கட்டு வெள்ளைத்தாளோடு என் வீட்டுக்கு வந்தார். சம்பவத்தன்று வரிசையின் வாலில் இரண்டு குடங்களோடு நின்றவர் அவர். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் புகார் எழுதும் வேலை எனக்கு. நானும் விடவில்லை. ஆணவத்தின் கொடிய நிழல், தாகத்தில் வெடித்த தெருவின் கண்ணீர் என்று இரண்டு பக்கம் ஓடினேன். அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ஆணவம்னு எழுதிக்கினு கீறியே, அத இன்னாத்தால அளந்த? கண்ணீரு எத்தினி லிட்டரு?"

ஒவ்வொன்றாக அடித்தார். 'மல்லிகா தன் முறைக்காகக் குடத்தோடு நின்றார்' என்ற ஒரு வரி மட்டும் தப்பியது. "இது கரெக்ட்டு. இத நானே பாத்தேன்."

பிறகு அவரே கோடு போட்டார். பொருள்: கவுன்சிலரின் பேச்சு. குறை: 'போடி' என்ற சொல். அனுமதிக்கப்பட்ட அளவு: பூஜ்யம். மல்லிகா கணக்கில் நான்கு முறை. எதிரே டீ ஆற்றிக்கொண்டிருந்த பாய் கணக்கிலும் நான்கு. வரிசையின் வாலில் இருந்த தனக்குக் கேட்டது மூன்றுதான் என்று அண்ணன் அப்படியே எழுதினார். ஒன்று காற்றில் போயிருக்கலாமாம். கையெழுத்துக் கேட்டபோது மல்லிகா பின்வாங்கினாள். "வேணாண்ணா. இருக்குற பேஜாரே போதும்."

"சாமான் தப்புன்னா அட்டைய சாமானுக்குத்தாம்மா கட்டுவாங்க. கண்டுபுடிச்சவங்களுக்குக் கட்ட மாட்டாங்க."

அவள் கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு பேனாவை வாங்கினாள்.

அண்ணனும் நானும் கொண்டுபோய்க் கொடுத்ததைப் பேரூராட்சி செயல் அலுவலர் முதலில் சிரித்துக்கொண்டு படித்தார். இரண்டாம் முறை சிரிக்காமல் படித்தார். கவுன்சிலருக்கு ஆள் போயிற்று. இரண்டு தொண்டர்களோடு வந்தவர், எல்லாம் கட்டுக்கதை, அந்தப் பெண்ணோடு தான் பேசியதே இல்லை என்றார். அலுவலர் தாளை எடுத்து நிதானமாக வாசித்தார். மல்லிகா, நான்கு. டீக்கடைக்காரர், நான்கு.

கவுன்சிலர் துள்ளி எழுந்தார். "நாலா? இன்னா சார் அநியாயமா கீது. ரெண்டு தபாதான் சொன்னேன்."

அண்ணன் சிரிக்கவில்லை. நான்காவது வரியில் 'கவுன்சிலர், இரண்டு' என்று எழுதித் தாளை அவர் பக்கம் திருப்பினார்.

"அளவு சொன்னவங்க கையெழுத்துப் போடணும் சார். அதான் முறை."

நான்கை இரண்டாகக் குறைத்துவிட்ட வெற்றியில் கவுன்சிலர் போட்டே விட்டார். தொண்டர் ஒருவர் அவர் கையைப் பிடித்தபோது கடைசி எழுத்தின் சுழி முடிந்திருந்தது.

இப்போது மேலிடத்துக்கே அனுப்பலாம், என்ன செய்யட்டும் என்று அலுவலர் கேட்டார். அண்ணன் தாளின் அடியைக் காட்டினார். ஸ்கிராப் கட்டம் காலி, ரீவொர்க்கில் டிக். லாரி முதலில் தெருவுக்கு, கவுன்சிலர் தொட்டிக்குக் கடைசியில். திட்டிய அதே இடத்தில், வரிசையின் வால்வரை கேட்கும்படி, மல்லிகாவிடம் வருத்தம் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நாள் காலை லாரி வந்தது. கவுன்சிலரும் வந்தார். மல்லிகா முன்னால் நின்று ஏதோ முனகினார். வாலில் இருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "கேக்கல சார்." மறுபடி சொன்னார். "இன்னும் கேக்கல."

மூன்றாம் தடவை மின்கம்பத்துக் காக்கைகள் பறந்தன. "தப்பாப் பேசிட்டேம்மா, மன்சுல வெச்சுக்காத."

மல்லிகா அவரை நேராகப் பார்த்தாள். "செரி சார். பைப்ப இப்டி வுடச் சொல்லுங்க."

அந்த நொடி எங்கள் தெரு ஒரு சாண் உயர்ந்தது. அண்ணன் படித்தால் இந்த வரியை அடிப்பார், அடிக்கட்டும், உயர்ந்தது.

அண்ணன் பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்தார். கவுன்சிலரின் சட்டைப் பொத்தானில் கட்டிவிடுவாரோ என்று தெருவே மூச்சைப் பிடித்தது. மல்லிகாவின் குடத்துக் கழுத்தில் கட்டினார். கவுன்சிலருக்கு இல்லையா என்று நான் கேட்டதற்கு, "அவர இன்னும் ஆறு மாசம் பாக்கணும்" என்றார்.

நான் திருவாலங்காட்டுப் பக்கம் குடிபோய்ப் பல வருடங்கள் ஆகின்றன. சமீபத்தில் காய்ச்சலில் கிடந்து எழுந்து, அந்தத் தெருவுக்குப் போனேன். மல்லிகா குடத்தை எத்தனையோ தடவை மாற்றிவிட்டாள். சாயம் போன அதே அட்டை, புதுக் குடத்தின் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது. பாய் கடைப் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார், கையில் போண்டாவோடு. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். வெர்னியர் பையில்தான் இருந்தது; பளபளத்தது. அதைத் தொடக்கூட இல்லை.

"ரொம்ப எளச்சுட்டியேப்பா" என்றார்.