கந்தப்பனின் இடது கை

பாம், பாம், பாம் என்று தமிழரசு மறுபடியும் ஆரன் அடித்தான்.

"ஏம்ப்பா தமிழு, ரோட்டுல ஒரு கோழிக்குஞ்சு கூட இல்ல. ஆருக்கப்பா ஆரன்?" என்றாள் முன் சீட்டில் இருந்த சௌந்திரம்.

"இல்லீங்கக்கா, மொதலாளி வந்து..."

"மொதலாளி எங்கியும் வரல, எங்கியும் போகல. பின்னாடிதான் உக்காந்திருக்காரு. நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

சௌந்திரம் இருக்கும் இடத்தில் இன்னொருவர் ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்லி முடித்ததாகத் திருச்செங்கோட்டுப் பக்கத்தில் பேச்சே கிடையாது.

பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் அவள் கணவர் கந்தப்பன். முப்பது வருசம் லாரி ஓட்டியவர். கடைசிப் பத்தொன்பது வருசம் சொந்த லாரி, டிரைவர் தமிழரசு. போன வருசம் பக்கவாதம் வந்து வலது கையையும் பேச்சையும் ஒரே நாளில் எடுத்துக்கொண்டு போய்விட்டது. புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் புரியும், வாயில் மட்டும் ஒரு சொல் வராது. லாரியை வேறொருவர் எடுத்துக்கொண்டார். தமிழரசும் லாரியோடு குஜராத், ஒடிசா என்று போனவன், பதினோரு மாசம் கழித்து நேற்றுத்தான் லீவில் வந்தான். வந்தவனைப் பிடித்துக் காரில் உட்கார வைத்துவிட்டாள் சௌந்திரம்.

கந்தப்பனுக்கு மிச்சம் இருந்தது இடது கை. அந்தக் கைதான் இப்போது பிரச்சினை. அது சும்மா இருக்காது. கட்டில், சுவர், சாப்பாட்டுத் தட்டு, எதைக் கண்டாலும் தட்டும். இப்போது தமிழரசின் சீட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, இன்னிக்கு ஒரு நாளைக்கு அந்தக் கையக் கம்முனு வெச்சுக்குங்க" என்று சௌந்திரம் திரும்பிப் பார்த்துக் கெஞ்சினாள். கை நின்றது. "அங்க போயி டொக்கு டொக்குன்னீங்கன்னா கெடைக்கறதும் கெடைக்காது, சாமி."

கெடைக்க வேண்டியது ஒரு பேசும் மெஷின். சிலேட்டு அளவில் இருக்கும். படத்தைத் தொட்டால் அதுவே வாய்விட்டுப் பேசும். சூரமங்கலத்தில் ஒரு அறக்கட்டளை நடத்தும் பேச்சுப் பயிற்சி மையத்தில் கொடுக்கிறார்கள். இந்தத் தடவை இருப்பது ஒன்றே ஒன்று. இன்றைக்குச் சோதித்துப் பார்த்து, இவரால் அதை வைத்துப் பேச முடியும் என்று எழுதிக் கொடுத்தால் இன்றைக்கே கையில். இல்லையென்றால் அடுத்த வருசம்.

அடுத்த வருசம் வரைக்கும் சௌந்திரத்தால் தாங்க முடியாது. சௌந்திரம் என்று அவர் ஒரு நாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏ புள்ள" என்பார், அவ்வளவுதான். அந்த "ஏ புள்ள" நின்று பதினோரு மாசம் ஆயிற்று. வீட்டில் அவள் ஒருத்தி குரல்தான் கேட்கிறது. அவளுக்கே தன் குரல் சலித்துவிட்டது. அதற்காகப் பேச்சைக் குறைத்தாளா என்றால், அது இல்லை.

பாம், பாம், பாம்.

"தமிழு!"

"பழக்கமுங்கக்கா, கை தானா போயிருது. மொதலாளி..."

"இவருக்குத்தான் கைல வியாதின்னா உனக்குமா?"

மையம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் இருந்தது. வாசலில் வேப்பமரம். அதன் நிழலில் காரை நிறுத்திவிட்டு, இருவரும் கந்தப்பனைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தமிழரசு காருக்குத் திரும்பிப் போனான்.

பேச்சுப் பயிற்சியாளர் ஜெஸ்ஸிக்கு முப்பது வயசுகூட இருக்காது. கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் ஒரு அட்டையில் செருகிய தாள்கள்.

"வாங்க ஐயா. காலைல என்ன சாப்பிட்டீங்க?" என்று கந்தப்பனைக் கேட்டாள்.

"மூணு இட்லிங்க. தக்காளிச் சட்னி. ரெண்டுதான் போதும்னாரு, நாந்தான் மூணாவது வெச்சேன்" என்றாள் சௌந்திரம்.

"அம்மா, நான் ஐயாவைக் கேட்டேன்."

"அவரு பேச மாட்டாருங்களே."

"அதான்மா வந்திருக்கீங்க."

ஜெஸ்ஸி மெஷினை மேசைமேல் நிறுத்தினாள். தண்ணீர், தேநீர், சாப்பாடு, கழிவறை, வலி, டிவி என்று படங்கள். ஒன்றைத் தொட்டுக் காட்டினாள்.

"தயவுசெய்து எனக்குத் தேநீர் தாருங்கள்" என்றது மெஷின், செய்தி வாசிப்பது போல.

"அடக் கடவுளே!" சௌந்திரம் வாயில் கை வைத்தாள். "இவரு எந்தக் காலத்துலீங்க தயவு செஞ்சிருக்காரு? 'டீ'ன்னுதான் கேப்பாரு. ஏனுங், இதுல நான் எங்கிங்க இருக்கேன்?"

"வீட்டு ஆளுங்க படமெல்லாம் மெஷின் கிடைச்சப்புறம் ஏத்திக்கலாம்மா. நீங்க கொஞ்சம் பின்னாடி உக்காருங்க. நீங்க முன்னாடி இருந்தா அவரு உங்க முகத்தையேதான் பாக்கறாரு."

அது உண்மைதான். சௌந்திரம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கணவரின் முதுகுக்குப் பின்னால் போனாள்.

டொக், டொக், டொக். இடது கை மேசையைத் தட்ட ஆரம்பித்தது.

"இந்தப் பழக்கம் எப்பலேருந்தும்மா?" என்று ஜெஸ்ஸி பேனாவை எடுத்தாள்.

"ஆஸ்பத்திரில கண்ணு முழிச்ச நாள்லேருந்துங்க. வெடியால கம்மியா இருக்கும். பத்து மணிக்கு நான் தோட்டத்துக்குப் போனப்புறம் சாஸ்தியாவும். வெயில் ஏற ஏற நரம்பு முறுக்குது போல."

"டாக்டர் அப்படிச் சொன்னாரா?"

"பக்கத்தூட்டு பூவாத்தா சொல்லுச்சுங்க. கைக்கு ஒரு வேலை குடுத்தா நிக்கும்னு இதையும் அதுதான் குடுத்துச்சு." சௌந்திரம் பையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்துக் கணவர் கையில் திணித்தாள்.

கந்தப்பன் பந்தைப் பார்த்தார். கீழே போட்டார். அது உருண்டு பீரோவுக்கு அடியில் போனது. சௌந்திரம் முட்டி போட்டு பீரோவுக்கு அடியில் தலையை நுழைத்தாள். அந்த நேரம் பார்த்துக் கை வேகமாகத் தட்டியது, இந்தத் தடவை மெஷின்மேலேயே.

"நான் கழிவறைக்குச் செல்ல வேண்டும். நான் கழிவறைக்குச் செல்ல வேண்டும். நான் கழிவறைக்குச் செல்ல வேண்டும்" என்றது மெஷின்.

"ஐயோ, அவசரமுங்க!" சௌந்திரம் எழுந்த வேகத்தில் பீரோவில் தலை இடித்தது. ஜெஸ்ஸி ஒரு பக்கம், சௌந்திரம் ஒரு பக்கம் பிடித்து, வராந்தாக் கடைசி வரைக்கும் அவரைக் கொண்டுபோனார்கள். கழிவறை வாசலில் கந்தப்பன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்று நின்றார். சௌந்திரம் தள்ளினாள். அவர் அசையவில்லை. முப்பது வருசம் லாரி ஸ்டீரிங் பிடித்த கை அது.

அறைக்குத் திரும்பி வந்தபோது கால் மணி நேரம் போயிருந்தது. ஜெஸ்ஸி தாளில் ஏதோ எழுதினாள். சௌந்திரம் எட்டிப் பார்த்துப் படித்துவிட்டாள். 'தேவையைத் தெரிவிக்க இயலவில்லை.'

எல்லாத்துக்கும் இந்தப் பாழாய்ப்போன கைதான் காரணம். சட்டென்று கணவரின் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் இடது மணிக்கட்டை நாற்காலிக் கையோடு சேர்த்துக் கட்டினாள். லோடுக்குத் தார்ப்பாய் கட்டுகிற மாதிரி முடிச்சு.

"அம்மா! கையக் கட்டிட்டா எதுலம்மா தொடுவாரு?"

"ஒரு வெரலு போதுமில்லீங்க? மெஷின இப்பிடிக் கிட்ட கொண்டாங்க, நான் வெரலப் புடிச்சுக் காட்டறேன்."

"நீங்க காட்டினா அது நீங்க பேசினதாயிடும்."

"பதினோரு மாசமா நாந்தானுங்க அவருக்கும் சேத்துப் பேசறேன்! ஒரு படத்தத் தொடறதுல என்ன வந்துருச்சு?"

சொல்லிக்கொண்டே அவர் விரலைப் பிடித்துத் தேநீரை நோக்கி இழுத்தாள். அவர் பின்னால் இழுத்தார். இந்தப் பக்கம் இழுக்க, அந்தப் பக்கம் இழுக்க, விரல் திரையின் மூலையில் எதிலோ அழுந்தியது.

"அங்கிள், எனக்குப் பசிக்குது" என்றது மெஷின், ஐந்து வயசுப் பெண்பிள்ளைக் குரலில்.

சௌந்திரம் வெலவெலத்துப் போனாள். "ஐயய்யோ, கண்ணு, இதென்னங்க? எங்கூட்டுக்காரரு சங்ககிரில லோடுமேன்களைக் கெட்ட வார்த்தைல பேசுனவருங்க. இந்தக் குரல வெச்சுக்கிட்டு எப்பிடிங்க ஊருக்குள்ள நடமாடுவாரு?"

கந்தப்பனின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. தோள் குலுங்கியது. ஃபிட்ஸ் வந்துவிட்டது என்று சௌந்திரம் அலறி, தண்ணீர் எடுத்து அவர் முகத்தில் அடித்தாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார் என்பது தண்ணீர் மெஷின்மேல் விழுந்த பிறகுதான் தெரிந்தது.

ஜெஸ்ஸி தன் துப்பட்டாவால் மெஷினைத் துடைத்தாள். குரலைச் சரிசெய்தாள். துண்டை அவிழ்த்தாள். பிறகு சௌந்திரத்தின் கையைப் பிடித்து வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. பத்து நிமிஷத்துல அடுத்த ஆளு வந்துருவாங்க. கடைசியா ஒண்ணே ஒண்ணு பாக்கணும். யாரும் கேக்காம, யாரும் காட்டாம, ஐயா தானா ஒரு விஷயத்தைச் சொல்லணும். மெஷின்லதான்னு இல்ல, கையக் காட்டினாக்கூடப் போதும். நமக்குப் புரியற மாதிரி ஒரே ஒரு விஷயம். அது வந்துட்டா நான் எழுதிக் குடுத்துடறேன்."

"நான் உள்ள இருந்தா..."

"நீங்க வெளியதாம்மா இருக்கணும்."

ஜெஸ்ஸி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். சௌந்திரம் சுவரில் சாய்ந்து நின்றாள். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருசத்தில் அவருக்கு எது வேணும் என்று அவளுக்குத் தெரியாமல் இருந்ததில்லை. லாரி வர மூணு நாள் ஆகட்டும், மூணு வாரம் ஆகட்டும், ஊர்த் திருப்பத்தில் ஆரன் கேட்டதும் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து, அவர் இறங்குவதற்குள் சுடுதண்ணி வைத்திருப்பாள். இப்போது அவர் கண்ணெதிரிலேயே இருக்கிறார், அவருக்கு என்ன வேணும் என்று அவளுக்குத் தெரியவில்லை. தண்ணி காட்டுவாள், வேண்டாம் என்பார். மாத்திரை, விசிறி, டிவி, எல்லாம் வேண்டாம். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க மாமா. என்னத்தையாவது சொல்லித் தொலைங்க" என்று கதவைப் பார்த்து முணுமுணுத்தாள்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. டொக், டொக், டொக்.

கொஞ்சம் இடைவெளி. டொக், டொக், டொக்.

கதவு திறந்தது. ஜெஸ்ஸியின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"மெஷினைத் திரும்பிக்கூடப் பாக்கலம்மா. கதவையே பாக்கறாரு, மேசையத் தட்டறாரு. நான் என்னன்னு எழுதறது? அடுத்த வருஷம் பாக்கலாம்மா."

சௌந்திரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த நேரத்தில் வாசலிலிருந்து பாம், பாம், பாம் என்று ஆரன் கேட்டது.

அவ்வளவுதான். பதினோரு மாச ஆத்திரமும் ஒரே ஓட்டமாக வேப்பமரத்துக்கு ஓடியது.

"அறிவிருக்காப்பா உனக்கு? ஆஸ்பத்திரி மாதிரி எடம் இது! உள்ள எங்க பொழப்பே போயிருச்சு, நீ இங்க உக்காந்து வெளையாடிட்டு இருக்கறே! வெடியாலேருந்து பாக்கறேன், பாம் பாமுன்னு..."

"அக்கா, சன்னல் தொறந்து கெடந்துச்சுங்க. மொதலாளி தட்டறது கேட்டுச்சு, அதான்..."

"அவரு தட்டுனா நீ அடிப்பியா? அது நரம்புக் கோளாறுப்பா!"

"அம்மா, ஒரு நிமிஷம்." பின்னாலேயே வந்த ஜெஸ்ஸி அவள் தோளைப் பிடித்தாள். "அவரைச் சொல்லி முடிக்க விடுங்க."

சௌந்திரம் வாயைத் திறந்தாள். ஜெஸ்ஸியின் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

தமிழரசு காரைவிட்டு இறங்கித் தலையைச் சொறிந்தான். இந்த அம்மாவிடம் ஒரு வாக்கியத்தை முடிக்கலாம் என்பதே அவனுக்குப் புதுசாக இருந்தது.

"லோடு எறக்கிட்டு லைன்லேருந்து திரும்பி வாரப்ப மொதலாளி எனக்குப் பின்னாடி பலகைல படுத்திருப்பாருங்க. இஞ்சின் சத்தத்துல பேச்சுக் கேக்காது. ஒரு தட்டுத் தட்டுனா வண்டிய ஓரங்கட்டு, ரெண்டுன்னா எடு. நம்மூருத் திருப்பம் வந்ததும் மூணு தட்டுவாரு, நான் மூணு ஆரன் அடிப்பேன். பத்தொம்போது வருசமா அதே பழக்கமுங்க. கார்லயும் அதையேதான் தட்டுனாரு, நீங்க பக்கத்துலதான இருக்கீங்க, எதுக்குன்னு எனக்கே வெளங்கல."

சன்னலுக்குள்ளிருந்து மறுபடியும் கேட்டது. டொக், டொக், டொக்.

"மூணு தட்டுன்னா என்னப்பா?" என்றாள் சௌந்திரம்.

"உங்களைக் கூப்புடச் சொல்றாருங்கக்கா."