தறிக்குழியைப் பெருக்கச் சொன்னவள்

அரைகுறைப் படிப்பு ஆளைக் கெடுக்கும் என்பார்கள். என் படிப்பு என் அண்ணியைக் கெடுக்கப் பார்த்தது.

விலங்கியல் முதுகலை, முதல் வருஷம். பாடத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒற்றைச் செல் கிருமி வந்தது. எலியைத் தின்னும் பூனைக்குத் தொற்றும். பூனையின் கழிவோடு வெளியே வரும். கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையின் கண்ணையும் மூளையையும் தாக்கலாம். எனக்குப் பகீரென்றது. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் தறி உண்டு. கஞ்சி போட்ட பாவு நூலை எலி கடிக்காமலிருக்கப் பூனையும் உண்டு. அண்ணிக்கு அப்போது மூன்றாம் மாதம். முதல் பிள்ளை கலைந்து, நாலு வருஷம் கழித்துத் தங்கியது.

அன்றே பூனையைக் கோணிப்பையில் போட்டு ஐயம்பேட்டை சித்தி வீட்டில் விட்டேன். (ஷேர் ஆட்டோவில் அது கத்தும்போதெல்லாம் நான் இருமிச் சமாளித்தேன்.) திரும்பி வந்து அண்ணியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"பூனை போச்சு அண்ணி. தறிக்குழியிலயே அசிங்கம் பண்ணிக்கினு இருந்துது இல்ல? அதையும் பெருக்கிட்டீங்கன்னா கவலயே இல்ல."

நெய்பவர் காலை விட்டு மிதிக்கும் மண் குழி அது. அண்ணி இறங்கி வெறுங்கையால் அள்ளினாள். நான் மேலே உட்கார்ந்துகொண்டு, "அந்த மூலையில இன்னும் இருக்குது பாருங்க" என்று கை காட்டினேன். (அடப்பாவி!)

மறுநாள் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் இதையும் பீற்றிக்கொண்டேன். அவர் பேனாவை மூடினார்.

"பூனையத் தொடுறத விட அந்தக் குழி மண்ணுதாம்மா ஆபத்து. பெருக்கச் சொன்னது யாரு?"

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் பெருக்குனேன் டாக்டர்" என்றாள்.

ரத்தம் எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி எடுக்கணும் என்றார்கள். அந்த மூன்று வாரமும் அண்ணன் முகத்தைப் பார்க்கப் பயந்து, அவர் சாப்பிட வந்தால் நான் மாடிக்குப் போய்விடுவேன். தொற்று இல்லை என்று முடிவு வந்த அன்று ஆஸ்பத்திரி வாசலிலேயே ஓவென்று அழுதேன்.

"எனக்குத்தான் ஒண்ணும் இல்லன்னுட்டாங்களே, நீ ஏன்டி அழுவுற?" என்றாள் அண்ணி. அவள் கண்ணும் நனைந்துதான் இருந்தது.

பெண் பிறந்தாள். இப்போது நாலாவது படிக்கிறாள். வீட்டில் யார் யோசனை சொன்னாலும், "குழியில நீ எறங்குறியா?" என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது. போன பொங்கலுக்குத்தான் அவள் முழுக்கதையும் கேட்டாள். எல்லோரும் சிரித்து ஓய்ந்ததும் என்னிடம் கேட்டாள்:

"உன் வயித்துலதான் பாப்பா இல்லியே அத்த, நீயே பெருக்கி இருக்கலாம்ல?"

இந்தத் தடவை அண்ணி என்னைக் காப்பாற்ற வரவில்லை.