முத்துமாலைச் செடிக்குப் பொறுப்பானவர்

ஈரப்பத மீற்றர் எண்பத்தெட்டு என்று காட்டியது. குகதாசன் அதைத் தட்டிப் பார்த்தான், சட்டையில் துடைத்துப் பார்த்தான், வாயால் ஊதியும் பார்த்தான். ஊதினதோடு அது எண்பத்தொன்பதாயிற்று.

"நாற்பத்தைஞ்சிலை நிக்கோணும் எண்டு மிஸ் எழுதி வைச்சிட்டுப் போனவ," என்றான் பக்கத்து மேசை ஜஸ்ரினிடம்.

"கார்த்திகை மழைக்குள்ளை நாற்பத்தைஞ்சோ? அதுக்கு நீர் செடியைத் தூக்கிக்கொண்டு டுபாய்க்குத்தான் போகோணும்."

செடி உதயகலா மிஸ்ஸினுடையது. யாழ்ப்பாண நகரத்தில் இருந்த அந்த அரசாங்கக் கந்தோருக்கு அவர்தான் பெரியவர். பச்சைக் கடலையை நூலில் கோத்துத் தொங்கவிட்ட மாதிரி ஒரு செடி; முத்துமாலைச் செடி என்று பெயர். தண்ணீரைத் தன் இலைக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கிற சாதி. ஈரக்காற்றுப் பட்டால் அழுகிவிடும். அதனால் மிஸ் அதைத் தன் ஏசி அறையில் வைத்து ராசாத்தி போல வளர்த்தார். இப்போது இரண்டு கிழமைப் பயிற்சிக்குக் கொழும்புக்குப் போய்விட்டார். அதிகாரி இல்லாத அறையில் ஏசி போடக்கூடாதென்று சுற்றறிக்கை இருக்கிறது. சுற்றறிக்கைக்குச் செடி, கொடி எல்லாம் தெரியாது. ஆகவே செடி ஒன்று, ஈரப்பதம் காட்டும் மீற்றர் ஒன்று, காலையும் மாலையும் அளவு எழுதும் படிவம் ஒன்று என மூன்றும் முறைப்படி கையெழுத்து வாங்கிக்கொண்டு குகதாசனிடம் ஒப்படைக்கப்பட்டன.

குகதாசன் இந்தக் கந்தோருக்கு வந்து இரண்டு மாதம்தான். தை மாதம் இங்கிருந்து ஒருவரை வெளிமாவட்டத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று கதை அடிபட்டது. புதிதாய் வந்தவன் தலையில்தான் அது விழும் என்று அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். வீட்டில் மனைவி சுபாஜினிக்கு எட்டாம் மாதம். தலைப்பிள்ளை பிறக்கிற நேரத்தில் தான் எங்கேயோ ஒரு அறையில் தனியப் பாண் தின்றுகொண்டிருப்பதை அவனால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

"செடியை ஒழுங்காய்ப் பாரும். நீர் இல்லாமல் வேலை நடக்காது எண்டு நான் மேலிடத்துக்கு எழுதிறன்," என்று போகும்போது சொல்லியிருந்தார் மிஸ். அந்தப் பேச்சுக்குப் பிறகு அவன் சட்டியை இரண்டு கையாலும் வாங்கினான்.

முதல் வேலையாகக் கூடத்து யன்னல் எல்லாவற்றையும் சாத்தினான். முப்பது பேருடைய மூச்சும் நனைந்த சட்டையும் உள்ளே அடைபட்டு, மீற்றர் தொண்ணூற்றொன்றுக்குப் போனது. அலுவலாக வந்த சனத்தின் ஈரக்குடைகள்தான் காரணம் என்று கண்டுபிடித்து, குடைகளை வெளியே வைக்கும்படி அறிவித்தல் ஒட்டினான். அடித்த காற்றில் ஓய்வூதியகாரர் ஒருவரின் குடை பறந்து வாய்க்காலுக்குள் விழுந்தது. அவர் இரண்டு பக்கத்தில் முறைப்பாடு எழுதித் தந்தார். முறைப்பாடுகளைப் பதிகிற ஆளும் குகதாசன்தான்.

"போன் தண்ணிக்குள்ளை விழுந்தால் அரிசிக்குள்ளை புதைக்கிறம் எல்லோ? அரிசி ஈரத்தை இழுக்கும்," என்றான் ஜஸ்ரின்.

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. செடியைச் சுற்றி நாலு கோப்பையில் அரிசி வைத்துவிட்டுப் போனான். அடுத்த நாள் விடிய வந்து பார்த்தால் அரிசியும் இல்லை, செடியில் இரண்டு மாலையும் இல்லை. எலி சோறு தின்று, கறியும் தின்றிருந்தது.

தேத்தண்ணி கொண்டுவந்த லூர்த்தம்மா மிச்சச் செடியைப் பார்த்தார். கந்தோரில் இருபது வருசமாகத் தேத்தண்ணி ஊற்றுகிறவர் அவர்.

"விடுங்கோ தம்பி. சாகிறதெண்டால் சாகட்டும்."

"என்ன அக்கா உப்பிடிச் சொல்லுறியள்? என்ரை சீவியமே இதிலைதான் கிடக்கு."

லூர்த்தம்மா வெறுங்கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எலிக்குப் பயந்து, அன்று பின்னேரம் செடியைச் சண்டிலிப்பாய்க்கு, வீட்டுக்குக் கொண்டுபோனான். மோட்டார்சைக்கிளில் மழைக்கவசம் செடிக்குத்தான். அவன் தெப்பமாய் நனைந்து போய் இறங்கினான்.

"பிள்ளைத்தாச்சி எனக்குக்கூட நீங்கள் உப்பிடிப் பொத்திப் பிடிக்கேல்லை," என்றாள் சுபாஜினி.

"உமக்காகத்தானப்பா பிடிக்கிறன்," என்றான் அவன். உண்மையைத்தான் சொன்னான், அவள் நம்பவில்லை.

இரவு முழுக்க வீட்டிலிருந்த ஒரே மின்காற்றாடி செடிக்குச் சுற்றியது. வியர்வையில் தூங்காத சுபாஜினி விடிய அவனோடு கதைக்கவில்லை. மீற்றர் தொண்ணூற்று மூன்றில் நின்றது.

குகதாசனின் தகப்பன் நமசிவாயம் நாற்பது வருசம் புகையிலை பயிரிட்டுப் புகைபோட்டுப் பதப்படுத்திய மனிதர். இலையை விரலால் நசித்தே எவ்வளவு ஈரம் நிற்கிறதென்று சொல்லுவார். அவர் ஒரு முத்தை நசித்துப் பார்த்தார். அது பிதுங்கித் தண்ணீர் வந்தது.

"உள்ளுக்கை முழுக்கத் தண்ணி, மோனை. ஒரு புகை போட்டால் எல்லாம் சரிவரும்."

"ஐயா, இது பொயிலை இல்லை."

"இலைதானே. புகைக்குடிலும் சும்மாதானே கிடக்கு. அரை மணித்தியாலம் காணும்."

குகதாசன் மீற்றரைப் பார்த்தான். சுபாஜினியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக நேரமாகிவிட்டது. "அரை மணித்தியாலந்தான் ஐயா," என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனான்.

கிளினிக்கில் சனம். திரும்பி வரப் பின்னேரமாகிவிட்டது. புகைக்குடிலின் சாக்குப் படுதா இன்னும் இறுக்கக் கட்டியபடி இருந்தது. இடுக்கால் தேங்காய்ப் பொச்சுப் புகை வந்துகொண்டிருந்தது.

"ஐயா, எடுக்கேல்லையே?"

"பாதியிலை திறந்தால் சரக்குப் பழுதாப் போயிடும் எல்லோ," என்றார் நமசிவாயம். தொழில் தெரியாதவனோடு கதைக்கிற பொறுமை அவர் குரலில் இருந்தது.

உள்ளே போய்ச் செடியையும் அதோடு வைத்த மீற்றரையும் எடுத்தார்கள். மீற்றர் முப்பத்து நான்கு காட்டியது. ஒரு கிழமையாய்க் குகதாசன் தவம் கிடந்தும் இறங்காத முள்ளு அன்றைக்குத்தான் இறங்கியது. செடியோ பாயாசத்துக்குப் போடுகிற உலர்ந்த திராட்சை மாதிரிச் சுருங்கி, மண்ணிறமாய், சுருட்டு வாசத்தோடு தொங்கியது.

"பதம் நல்ல பதம்," என்றார் நமசிவாயம்.

குகதாசன் கிணற்றுக்கட்டில் குந்தி இருந்து உண்மையாகவே அழுதான். அதைப் பார்த்துச் சுபாஜினியின் கோபம் போய்விட்டது. அவள் தன் போனில் தேடித் தேடி, மருதனார்மடம் சந்தியடியில் பூங்கன்று விற்கிற ஒரு இடத்தில் அதே சாதிச் செடி ஒன்று நிற்பதாகக் கண்டுபிடித்தாள்.

ஒன்றே ஒன்றுதான் நின்றது. மிஸ்ஸின் செடியைவிட இரண்டு மடங்கு நீளம், முத்து ஒவ்வொன்றும் நெல்லிக்காய்க்குத் தம்பி மாதிரி. நறுக்கினால் காயம் தெரியும் என்று அப்படியே வாங்கிப் பழைய சட்டிக்குள் நட்டான். ஆஞ்சநேயருக்கு ஒரு வடைமாலையும் நேர்ந்துகொண்டான். அதுவரை வெறுமையாய்க் கிடந்த படிவத்தில் பதினான்கு நாளுக்கும் காலையும் மாலையும் நாற்பத்தைந்து என்று, மூன்று வித மையால், சில இடத்தில் கையெழுத்தையும் கொஞ்சம் சரித்து எழுதி முடித்தான். எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் மிஸ் சந்தேகப்படுவா என்று சுபாஜினி சொன்னதால் இரண்டு இடத்தில் நாற்பத்தாறு போட்டான்.

திங்கட்கிழமை உதயகலா மிஸ் வந்தார். செடியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். ஒரு மாலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது… இவ்வளவு நீளத்துக்கு வளர்ந்திட்டுதே."

"ஓம் மிஸ். ஈரப்பதம் சரியாய் நிண்டபடியால்."

மிஸ் படிவத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்; கண் கலங்கியிருந்தது.

"குகதாசன், நான் சொன்ன சொல்லுக் காப்பாத்துவன். நீர் இல்லாமல் என்னாலை வேலை செய்யேலாது எண்டு இண்டைக்கே எழுதிறன்."

அவன் நின்ற இடத்திலேயே கும்பிட்டான். பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பதென்றுகூட அந்த நிமிடத்தில் யோசித்துவிட்டான்.

"எனக்கு மன்னாருக்கு மாற்றம் வந்திட்டுது," என்றார் மிஸ். "ஒராளைக் கூட்டிக்கொண்டு போகலாம் எண்டு அனுமதி தந்திருக்கினம். அங்கை கடற்காத்து, உந்தச் செடியைப் பார்க்க உம்மை விட்டால் ஆர் இருக்கினம்? தை முதலாம் திகதி இரண்டு பேருமாய்ப் போய்ப் பொறுப்பெடுப்பம்."

வெளியே வந்தபோது ஜஸ்ரின் எழுந்து வந்து அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினான். கூடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். இவ்வளவு சந்தோசம் அந்தக் கந்தோரில் குகதாசன் ஒருநாளும் கண்டதில்லை.

லூர்த்தம்மா மட்டும் ஒரு தேத்தண்ணியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். சீனி கூடப் போட்டிருந்தார்.

"மிஸ்ஸுக்கு மாற்றம் வரப்போகுதெண்டும், செடியைப் பார்க்கிற ஆளைத்தான் கூட்டிக்கொண்டு போவாவெண்டும் ஆடியிலேயே எல்லாருக்கும் தெரியும் தம்பி, மிஸ் வெளியிலை போன நேரமெல்லாம் ஜஸ்ரின் ஒண்டு, கிருஷாந் ஒண்டு, அனுஜா ஒண்டு எண்டு ஆளுக்கொரு செடியைச் சாக்காட்டிப் போட்டுத்தானே அவையெல்லாம் யாழ்ப்பாணத்திலை இருக்கினம்."