வாழைப்பழம்னு சரியா சொன்ன குத்தம்

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலைதான். ஸ்ரீரங்கம் போய் என் போனை வாங்கிட்டு வரணும்.

காலையில சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறி, திருவானைக்காவல்ல இருக்கிற எங்க ஸ்கூல் கணக்கு டீச்சர் வீட்டுக்குப் போனேன். நான் இறங்கிட்டேன். போன் இறங்கல. சீட்டுலயே உக்காந்து ஸ்ரீரங்கம் போயிடுச்சு.

கணக்கு டீச்சர் போன்லேருந்து என் நம்பருக்கு அடிச்சேன். ஒருத்தர் எடுத்தாரு.

"பயப்படாதீங்கம்மா, பஸ் சீட்டுல கிடந்துச்சு, நான்தான் எடுத்து வச்சிருக்கேன், பத்திரமா இருக்கு. என் பேரு வரதன். ராஜகோபுரத்துக்கு வெளியில காபித்தூள் கடை வச்சிருக்கேன். வந்து வாங்கிக்கங்க. நீங்க யாரு?"

"அமலா டீச்சருங்க. தமிழ் டீச்சர்."

"அதான பார்த்தேன். என்ன அழகா தமிழ் பேசறீங்க."

எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையோட ஷேர் ஆட்டோ பிடிச்சுப் போனேன்.

என்னை நேர்ல பார்க்காதவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். எங்க அம்மாவோட அம்மா ரங்கூன்காரங்க. தாத்தா பர்மாவுல வேலை பார்த்தப்ப கட்டிக்கிட்டு வந்தாரு. அவங்க முகம் எங்க அம்மாவை விட்டுட்டு நேரா எனக்கு வந்துடுச்சு. நான் பொறந்தது, படிச்சது, வேலை பார்க்கிறது எல்லாம் திருச்சி. முகம் மட்டும் இன்னும் கப்பல்லேருந்து இறங்கல.

கடையில மெஷின் ஓடிட்டு இருந்துச்சு. கல்லாவுல வரதன். காபித்தூளுக்காக ஒரு மாமி காத்துட்டு இருந்தாங்க. என் போன் வரதன் கைக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. பார்த்ததும் கை நீட்டிட்டேன்.

அவர் போனை எடுத்து மடியில வச்சுக்கிட்டாரு.

"அது என் போனுங்க."

"இது ஒரு தமிழ் டீச்சர் போனும்மா. இப்ப வருவாங்க."

"நான்தாங்க அந்த டீச்சர்."

என்னை மேலேருந்து கீழ வரைக்கும் பார்த்தாரு. உள்ள திரும்பிக் கூப்பிட்டாரு. "சந்தன், இங்க கொஞ்சம் வா. இவங்ககிட்ட இந்தியில என்னன்னு கேளு."

மெஷினை நிறுத்திட்டு சந்தன் வந்தாரு. பீகார்காரர், முப்பது வயசு இருக்கும். மூஞ்சியெல்லாம் காபித்தூள். ரொம்ப மரியாதையா இந்தியில ஏதோ கேட்டாரு.

"எனக்கு இந்தி தெரியாதுப்பா."

சந்தன் வரதன் பக்கம் திரும்பி சுத்தமான திருச்சித் தமிழ்ல சொன்னாரு. "அண்ணே, இவங்களுக்கு இந்தி வரலண்ணே. நேபாளமா இருக்கும்."

"நேபாளத்துக்காராளுக்கும் இந்தி வருமே" அப்படின்னாங்க மாமி. "இவ மணிப்பூரா இருப்பா."

நான் என்ன ஊருன்னு என்னை வச்சுக்கிட்டே மூணு பேரும் பேசினாங்க. அதுவும் தமிழ்ல.

"ஐயா, நான் தமிழ்தான். இதே திருச்சி, மேலப்புதூர்."

"சரி, பேரு சொல்லுங்க."

இங்கதான் தப்பு பண்ணேன். பதட்டத்துல முழுப் பேரைச் சொல்லிட்டேன். "அமலோற்பவ மேரி."

"என்னது?"

"அமலோற்பவம். அமல, உற்பவம். சேரும்போது அமலோற்பவம்னு ஆகும். குணசந்தி."

"போன்ல அமலான்னு சொன்னாங்க. இப்ப நாலு பேரு சொல்றீங்க."

"குணசந்தி பேரு இல்லீங்க, இலக்கணம்."

வரதன் போனை இன்னும் உள்ளே தள்ளி வச்சுக்கிட்டாரு. "ஆதார் கார்டு காட்டுங்க."

"அந்தப் போனுக்குள்ளதாங்க இருக்கு."

"அப்ப வாழைப்பழம் சொல்லுங்க பார்ப்போம்."

இதுக்காகத்தானே வாழ்நாளெல்லாம் பாடம் நடத்தறேன். நாக்கை மடிச்சு, ஒவ்வொரு எழுத்தா, க்ளாஸ்ல சொல்ற மாதிரியே சொன்னேன். "வாழைப்பழம்."

வரதன் உதட்டைப் பிதுக்கினாரு. "நம்ம ஊர்ல யாரும்மா இப்படிச் சொல்றா? வாளப்பளம்னுதான் சொல்லுவோம். இது கத்துக்கிட்ட தமிழ்."

"வாளப்பளம்" அப்படின்னாரு சந்தன். அவர் பாஸாயிட்டாரு.

மாமிக்கு என் மேல இரக்கம் வந்துச்சு. "பேச்சை யார் வேணா கத்துக்கலாம். சமையலைக் கேட்டா தெரிஞ்சுடும். ஏம்மா, ரசத்துக்கு என்னெல்லாம் போடுவே?"

"புளி, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு..."

"பூண்டா?" மாமி வரதனைப் பார்த்தாங்க. பூண்டு போட்டா மாமி கணக்குல அது ரசமே இல்ல.

எனக்கு அழுகை வர ஆரம்பிச்சுடுச்சு. போன் போனா வேற வாங்கிக்கலாம். நான் நான்தான்னு யாரைக் கூட்டிட்டு வந்து சொல்லச் சொல்றது? கணக்கு டீச்சரும் நான் கிளம்பும்போதே ஊருக்குப் போயிட்டாங்க. வீட்டுக்கு அடிக்கலாம்னா என் நம்பரைத் தவிர எந்த நம்பரும் எனக்கு மனப்பாடம் இல்ல.

"போனைக் கையில குடுங்க, விரல் வச்சுத் திறந்து காட்டறேன்."

"கையில குடுத்தா ஓடிட மாட்டீங்களா? நான் பிடிச்சுக்கறேன், விரலை மட்டும் நீட்டுங்க."

அவர் போனை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு. நான் கல்லாவுக்கு மேல எக்கி விரலை வச்சேன். வேர்த்துப் போன விரலு, போதாததுக்கு கல்லா மேல இருந்த காபித்தூள் வேற. திறக்கல. துடைச்சுட்டு வச்சேன். அப்பவும் திறக்கல. கடைசியில நம்பர் கேட்டுச்சு.

"நம்பரைப் போடுங்க" அப்படின்னாரு சந்தன்.

"அது என் பையன் வச்சது. ஞாபகம் இல்ல."

மாமி தன் கைப்பையை எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டாங்க.

அப்பதான் போன் அடிச்சுது. திரையில 'ஆரோக்கியம்'னு வந்துச்சு.

"யாரோ ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிடறாங்க" அப்படின்னாரு வரதன்.

"அது என் வீட்டுக்காரர் பேருங்க. எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

எடுத்தாரு. "சார், உங்க வீட்டம்மா போன் இங்க இருக்கு. ஒருத்தங்க வந்து இது என்னுதுங்கறாங்க. உங்க வீட்டம்மா பார்க்க எப்படி இருப்பாங்க?"

கல்யாணமான நாள்லேருந்து இவர்கிட்ட கேட்டுட்டு இருக்கேன், என் முகம் வித்தியாசமாவா இருக்குன்னு. "சே சே, எனக்கு அப்படி எதுவும் தெரியலயே" அப்படிம்பாரு. நானும் நம்பிட்டு இருந்தேன்.

ஸ்பீக்கர்ல அவர் குரல் நிதானமா வந்துச்சு. "சப்பை மூக்கு சார். சிரிச்சா கண்ணு ரெண்டும் காணாமப் போயிடும். பார்த்தா தமிழ் ஆளுன்னே சொல்ல மாட்டீங்க. சைனாக்காரி மாதிரி இருப்பா."

மூணு பேரும் என் மூக்கைப் பார்த்தாங்க.

"சரியா இருக்கு சார்" அப்படின்னு சொல்லி வரதன் போனை ரெண்டு கையாலயும் என்கிட்ட நீட்டினாரு.

"ஹலோ, ஹலோ, யாரு கேக்கறது?" அப்படின்னாரு ஆரோக்கியம்.

"வீட்டுக்கு வந்து பேசறேன்" அப்படின்னு சொல்லி வச்சுட்டேன்.

வரதனுக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு. "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். அடுத்தவங்க பொருள், பார்த்துத்தானே குடுக்கணும்." ஸ்டூல் போட்டு உக்கார வச்சு, சந்தனை விட்டுக் காபி போடச் சொன்னாரு. குடிச்சுட்டு இருக்கும்போது அவர் சம்சாரம் போன் பண்ணாங்க. அவர் கடகடன்னு தெலுங்குல பேசினாரு.

"வீட்ல தெலுங்கா?" அப்படின்னு கேட்டேன்.

"ஆமாங்க. எங்க வீட்ல எல்லாரும் தெலுங்குதான் பேசுவோம். தமிழெல்லாம் கடையோட சரி."

"எங்காத்துல கன்னடம்" அப்படின்னாங்க மாமி. "ஆனா நாங்க யாரும் மைசூரைக் கண்ணால பார்த்தது இல்ல."

"எனக்கு போஜ்புரி, அக்கா" அப்படின்னாரு சந்தன்.

டம்ளரைக் கீழ வச்சேன். அந்தக் கடையில இருந்த நாலு பேர்ல வீட்லயும் தமிழ் மட்டுமே பேசறவ நான் ஒருத்திதான். தமிழ்ல ஃபெயிலானதும் நான் ஒருத்திதான்.