புற ஊதா ஒளியில் மாட்டிய சாரைப்பாம்பு

ஒரு காட்டில் கொலை வழக்கென்றால் ஆய்வுக்கூடத்தின் அறிக்கையை வைத்துத்தான் தீர்ப்பு. ராஜா சிறுத்தைக்கு நவீனத்தின் மேல் அப்படியொரு பித்து. அங்கே மூலக்கூறுகளை எடைபோடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் மெஷினை ஓட்டியவன் செங்கோடன் என்கிற கீரி. காலையில் உட்கார்ந்தால் பொழுதுசாயும்வரை மெஷினும் அவனுமாகக் கிடப்பான். வேலை அத்தனை சுத்தம். பிழைக்கத் தெரியாதவன் என்று ஊரே சொல்லும், அது வேறு விஷயம்.

ஒருநாள் மந்திரி காட்டுப்பன்றி பாம்பு கடித்துச் செத்துப்போனார். காவலர்கள் போய், கண்ணில் பட்ட முதல் பாம்பைப் பிடித்துவந்தார்கள். அது மாடத்தி என்கிற சாரைப்பாம்பு. எலி பிடித்து வயிறு வளர்க்கிறவள்; விஷம் என்பதே அவள் உடம்பில் கிடையாது. ஆனால் படிவத்தில் விஷத்துக்கு ‘அதிகம்’, ‘மிக அதிகம்’ என்று இரண்டே கட்டங்கள். அப்புறம் எங்கே போய் ‘இல்லை’ என்று எழுதுவது? ‘அதிகம்’ என்று டிக் அடித்துவிட்டார்கள். குற்றம் உறுதியானால் மயில்களிடம் ஒப்படைப்பது அந்தக் காட்டு வழக்கம்.

செங்கோடனுக்குப் பாம்பைப் பார்த்தாலே எச்சில் ஊறும். ஆனாலும் கூண்டுக்குள்ளிருந்து அவள், “அண்ணே, முட்டை பொரியிற நேரம்ணே. நீங்களாவது உள்ளதைப் பாத்துச் சொல்லுங்க” என்றதும் அவனுக்கு மனசு கேட்கவில்லை.

காயத்து விஷத்தில் ஒரு பெப்டைடு இருந்தது. அமினோ அமிலங்களை மணி கோத்த மாதிரி கோத்த சின்னச் சங்கிலி. அதை உடைத்து, துண்டுகளை எடைபோட்டு, வரிசையைப் படித்தால் கடித்தது யார் என்று தெரிந்துவிடும். காட்டில் எல்லோருடைய வரிசையும் பதிவில் உண்டு. உடைப்பதற்கு முதலில் அதை வாயு மூலக்கூறுகளோடு மோதவிட்டான். பலவீனமான இடத்தில் மட்டும் உடைந்தது. ஆளை அடையாளம் காட்டும் மச்சம் மாதிரி அதில் ஒட்டியிருந்த பாஸ்பேட்டும் முதல் அடியிலேயே கழன்றுபோனது. சரியென்று புற ஊதா லேசரை ஒரே ஒரு தடவை அடித்தான். சங்கிலி நெடுகப் பதமாக உடைந்தது, மச்சமும் இருந்த இடத்திலேயே இருந்தது. வரிசையை ஒப்பிட்டுப் பார்த்தான். நல்லபாம்பு நாகலிங்கத்துடையது.

நாகலிங்கம் லேசுப்பட்ட ஆளா? ராஜாவே வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் புற்றுக்குப் பால் ஊற்றுகிறார். அறிக்கையைப் பார்த்த இயக்குநர் கரடிக்கு வியர்த்துக்கொட்டியது.

“ஒரு தடவைதான் ஒளி போட்டியா? பத்தாதுப்பா, இன்னும் போடு.”

“அதிகமாப் போட்டா தூளாயிடும் சார்.”

“ஆகட்டும்.”

ஐநூறு தடவை அடிக்கவைத்தார். துண்டுகளெல்லாம் மறுபடி துண்டாகி, திரை முழுக்கப் புல் முளைத்த மாதிரி கோடுகள். எந்த எடையைத் தேடினாலும் அதற்கொரு கோடு இருந்தது. கரடி மாடத்தியின் பெயரைத் தட்டினார். தொண்ணூற்றெட்டு சதவீதம் பொருத்தம் என்றது மெஷின். மறுநாள் சபை கூடியது. நாகலிங்கம் படமெடுத்து ஆடியபடி விஞ்ஞானத்தை வாழ்த்தினார். வெளியே மயில்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்றன.

பழைய அறிக்கையை நீட்டினால் ஒளி பத்தாது என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். செங்கோடன் கொஞ்சம் யோசித்தான். பிறகு ரொம்பப் பணிவாக, இயக்குநரின் முறை அபாரமான முறை, சபையில் எல்லோர் பெயரையும் அதில் தட்டிப் பார்த்துவிட்டால் தீர்ப்பை யாரும் குறை சொல்ல முடியாது என்று விண்ணப்பித்துக்கொண்டான். ராஜா குஷியாகத் தலையாட்டினார்.

முயல் தொண்ணூற்றெட்டு. ஆமையும் தொண்ணூற்றெட்டு. கரடி தொண்ணூற்றொன்பது. அடுத்து ராஜாவின் பெயரைத் தட்டினான். நூறு.

மெஷின் தப்பு என்று ராஜாவால் சொல்ல முடியாது. அதைத் திறந்துவைத்தவரே அவர்தான். திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “செத்துப்போன மந்திரி பேரைப் போட்டியா?”

போட்டான். அவருக்கும் நூறு.

“அப்ப அவரே தன்னைக் கடிச்சுக்கிட்டாரு” என்றார் ராஜா.

வழக்கு முடிந்தது. மயில்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தன. காலியான மந்திரி பதவியை நாகலிங்கத்துக்குக் கொடுத்தார்கள். மாடத்தி போகிறபோது கண் கலங்கித் தலை தாழ்த்தி, “உண்மை ஜெயிச்சிருச்சுண்ணே” என்றாள். செங்கோடன் மெஷினைத் துடைத்துக்கொண்டே ஆமாம் என்றான்.

நீதி: உண்மையைச் சொல்லி ஓர் அப்பாவியைக் காப்பாற்ற முடியாதபோது, பொய்யின் மேல் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் போடுங்கள், ராஜாவும் அதில் தெரிகிறவரை.