தேங்காய் காட்டிய பாயிண்டு

"என்ஜின் ஓடுது சாமி. ஆனா வண்டி நகர மாட்டேங்குது" என்றார் தனபால், பட்டன் போனில்.

மறுமுனையில் சென்னையில் வேலை பார்க்கும் மகள் சண்முகப்பிரியா. பேச்சு லாரியைப் பற்றியதல்ல. அவள் வீட்டில் விட்டுப்போன பழைய லேப்டாப்பைப் பற்றியது.

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வைத்திருப்பவருக்கு மழை பெய்தால் வயிறு எரியும். இந்த வருடம் வஞ்சனையில்லாமல் பெய்து தொலைத்தது. தனபாலின் ரிக் லாரி ஷெட்டில் நின்றே துருப்பிடித்தது; கம்ப்ரசர் மேல் கோழி முட்டையிட்டது. இந்த நிலைமையில்தான் ஓசூர்ப் பக்கம் ஒரு சோலார் கம்பெனி வரிசையாக போர் போட ஆள் தேடியது. பதினோரு மணிக்கு வீடியோவில் பேச வேண்டும். வேலை கிடைத்தால் வண்டி கிளம்பும். கிடைக்காவிட்டால் டிரைவர் முதல் ஆட்கள் அத்தனை பேரும் வேறு ரிக்குக்குப் போய்விடுவார்கள்.

"என்ற போன்ல பேசுங்களேன்" என்றாள் மனைவி பாப்பாயி. அவள் போனில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது.

"பெரிய கம்பெனிக்காரங்ககிட்ட சீரியல் பாக்கற போன்ல பேசுனா மதிப்பா? போ அக்கட்டால."

மகள் கேட்டாள். "திரையில கீழ் மூலையில என்னங்கப்பா தெரியுது?"

"ஏரோப்ளேன் ஒண்ணு நிக்குது."

"அதுதாங்கப்பா கோளாறு. மேல் வரிசைல ஏரோப்ளேன் படம் போட்ட பட்டனை அமுத்துங்க."

கண்ணாடி இல்லாமல் தனபாலுக்குப் படம் தெரியாது. கண்ணாடியைத் தேடி எடுக்கப் பொறுமையும் கிடையாது. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வரிசையாக அமுக்கிக்கொண்டே போனார். திரை இருண்டது, பளிச்சென்று ஆனது, ஏரோப்ளேன் பறந்தது. அதோடு சத்தமும் பறந்துவிட்டது அவருக்குத் தெரியவில்லை.

"கே.கே.ன்னு ஏதோ பேரு வருது சாமி."

மகள் ஏனோ இருமினாள். "அதேதாங்கப்பா. பாஸ்வேர்டு அம்மாவுக்குத் தெரியும்."

பாப்பாயி கை ஈரத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, எதையும் பார்க்காமல் கடகடவென்று அடித்துவிட்டுப் போனாள். தனபால் வாயைப் பிளந்தார். ஆனால் சிக்னல் ஒற்றைக் கோட்டோடு நின்றது.

"உள்ளாற ஏதாச்சும் போச்சா? ரேமு, கீமு?"

"ரேமுங்கறது நீங்க லாரி மேல கைக்கெட்டுற மாதிரி அடுக்கி வச்சிருக்கிற ராடு. ஹார்ட் டிஸ்க்குங்கறது ஷெட்டு. ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. வைஃபை கார்டும் இருக்கு, அதுக்கு ஆன்டெனா மூடிக்குள்ளயே ஓடுது. நெட்டு குடுக்கற பெட்டி, அக்சஸ் பாயிண்டு, அதுதான் தூரம். பாயிண்டு பக்கமாப் போங்கப்பா."

தனபாலின் முகம் மலர்ந்தது. "பாயிண்டு பாக்கோணுமா? இத மொதல்லயே சொல்றதுக்கென்ன!"

நிலத்தில் எங்கே துளைத்தால் தண்ணீர் வரும் என்று குறிக்கிற இடத்துக்கு அவர்கள் தொழிலில் பாயிண்டு என்றுதான் பேர். மகள் "அப்பா, அது வேற" என்று கத்துவதற்குள் போனை வைத்துவிட்டார். ஊற்று பார்க்கிற வழக்கப்படி வலது உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்து, இடது கையில் லேப்டாப்பை அணைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தார். சமையலறையில் தேங்காய் அசையவில்லை. மாட்டுக்கொட்டகையில் லேசாக ஆடியது. கிழக்குக் காம்பவுண்டு சுவரோரம் வந்ததும் விசுக்கென்று எழுந்து நின்றது. திரையைப் பார்த்தால் சிக்னல் முழுசாக இருந்தது!

இடம் மட்டும்தான் பிடிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி கைலாசம் வீடு. சுவரை ஒட்டி அவர் ஒரு போர் போட்டார். தனபாலின் போர் வற்றிப்போனது. அதைக்கூடப் பொறுத்திருப்பார். பக்கத்து வீட்டில் ரிக்கை வைத்துக்கொண்டு வேற்று ரிக்கைக் கூப்பிட்டதைத்தான் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது.

வேறு வழியில்லாமல் சுவரோரத் தண்ணீர்த் தொட்டி மூடி மேல் உட்கார்ந்தார். பதினோரு மணிக்கு சோலார் கம்பெனி மேனேஜர் ஷாலினி திரையில் வந்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

பதறிப்போய் மகளைக் கூப்பிட்டார். "ப்ளூடூத்தை ஆன் பண்ணி, நான் அங்க விட்டுட்டு வந்த ஹெட்செட்டு பேரைத் தொடுங்கப்பா!" என்றாள் அவள். வந்த பேர்களில் முதலாவதைத் தொட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் கைலாசம் வீட்டு ஸ்பீக்கர் கணீரென்று பேசியது: "தனபால் சார், கேக்குதுங்களா?"

"யாரு சாமி அது, என்ற ஊட்டுக்குள்ள வந்து தனபாலைத் தேடறது?" கைலாசம் அலறினார்.

கேள்வி கைலாசம் வீட்டிலிருந்து வந்தது. பதிலைத் தனபால் லேப்டாப்பிடம் சொன்னார். கைலாசம் மட்டும் அந்த ஸ்பீக்கரை அணைத்தால் கதை முடிந்தது. ஆனால் ஸ்பீக்கர் அணையவில்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ சத்தத்தை இன்னும் கூட்டி வைத்தார்கள்.

"உங்க வேலையப் பத்திச் சொல்றதுக்கு உங்கூர்ல யாராச்சும் இருக்காங்களா சார்?" என்றது ஸ்பீக்கர்.

தனபால் யோசிப்பதற்குள் சுவருக்கு மேலே கைலாசத்தின் தலை எழும்பியது. லேப்டாப்பை எட்டிப் பார்த்துப் பேசினார். "அம்மிணி, நான் பக்கத்தூட்டுக்காரன். எனக்கும் இவருக்கும் பேச்சு இல்லீங். ஆனா தொழில்ல இவரு சுத்தம். பாயிண்டு வச்சா தப்பாது."

ஷாலினி சிரித்தார். "பேசாதவரே சொல்றாரு, அப்புறமென்ன சார்? வண்டியக் கிளப்புங்க."

தனபாலுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்காக கைலாசத்திடம் நன்றி சொல்லிவிட முடியுமா? தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உபகாரம் பண்ணுனீங்க, இல்லீங்கல. ஆனா காரியம் முடிஞ்சது என்ற நெட்டுனால. தண்ணின்னா பக்கத்துல துளை போட்டு உறிஞ்சிக்கலாமுங்க. நெட்டை எவனும் உறிஞ்ச முடியாது!"

கைலாசம் ஒன்றும் புரியாமல் விழித்தார். இந்தப் பக்கம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பாப்பாயி அவசரமாக வீட்டுக்குள் போனாள். சுவருக்கு மேலே கைலாசத்தின் மனைவி கந்தம்மாளின் தலையும் எழும்பியது.

"ஏனுங்ண்ணா, அது எங்கூட்டு நெட்டுங்க! உங்க தண்ணி எங்க போருக்கு வருதில்ல, அதுக்கு ஈடா எங்க நெட்டு உங்கூட்டுக்கு வரட்டும்னு உங்க போர் வத்துன அன்னைக்கே பாப்பாயக்கா எங்கிட்டப் பேசி முடிச்சுட்டாங்களே!"